வழுக்கும் ஆத்தங்குடிக் கல்லும் நாயின் மூட்டுவலியும்

“வயசாயிருச்சு டாக்டர், அதான் படுத்தே கெடக்கு.” எட்டு வயது லாப்ரடாரையோ ராஜபாளையத்தையோ கூட்டிவருபவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். தொட்டுப் பார்த்தால் முழங்காலோ இடுப்போ முழுதாக மடங்காது. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய்ந்து, மூட்டுக்குள் அழற்சி வந்து, ஓரங்களில் புது எலும்பு முளைத்திருக்கும். தேய்ந்தது திரும்ப வளராது. வலியை நன்றாகவே குறைக்கலாம்.

மூட்டு வலிக்கிறது என்று நாய் கத்துவது அபூர்வம். காலையில் எழுந்ததும் வைக்கும் முதல் பத்து எட்டுகளைப் பாருங்கள். விறைப்பாக நடந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். திண்ணையில் தாவி ஏறியது இப்போது கீழேயே படுக்கும். வளவுக்கு, அதாவது வீட்டு உள்முற்றத்துக்கு, இறங்கும் படியில் நின்று தயங்கும். ஒரே மூட்டை ஓயாமல் நக்கும். பின்தொடை மெலியும். பிள்ளைகள் இடுப்பில் கை வைத்தால் உறுமும். ஆஸ்பத்திரிக்கு வந்ததும் பதற்றத்தில் இதையெல்லாம் மறைத்துவிடும் என்பதால், காலை நடையைப் பக்கவாட்டிலும் பின்னாலிருந்தும் செல்போனில் எடுத்து வாருங்கள்.

நொண்டுவதெல்லாம் தேய்மானமும் அல்ல. இன்று முன்கால், நாளை பின்கால் என்று மாறி மாறி நொண்டி, காய்ச்சலும் இருந்தால் உண்ணிக் காய்ச்சலா என்று இரத்தம் பார்க்க வேண்டும். ஓடும்போது திடீரெனப் பின்காலைத் தூக்கிக்கொண்டால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். நகத்தைத் தரையில் தேய்த்து இழுத்து நடந்தால் முதுகுத்தண்டைச் சோதிக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் மருந்துக்கு முன்னால் தரையைச் சரிசெய்யச் சொல்வோம். தரையில் பதிக்கிற ஆத்தங்குடி சிமெண்ட் கல் புழங்கப் புழங்க வழவழப்பாகும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் கேட்கவே வேண்டாம். வழுக்காமலிருக்க நாய் ஒவ்வோர் எட்டுக்கும் தசையை இறுக்குகிறது. கால் அகன்று சறுக்கினால் தேய்ந்த மூட்டு திருகிக்கொள்ளும். படுக்கை, தண்ணீர்ச் சட்டி, வாசல் மூன்றையும் இணைக்கிற மாதிரி, அடியில் ரப்பர் உள்ள விரிப்பைப் போடுங்கள். வெறும் சாக்கு நாயோடு சேர்ந்தே நகரும், அது இன்னும் மோசம். பாதத்தில் விரல்களுக்கிடையே வளர்ந்த முடியையும் நீண்ட நகத்தையும் வெட்டினாலே பிடிமானம் கூடும். திண்ணைக்கு ஒரு சாய்வுப் பலகை, படுக்க கனமான இலவம்பஞ்சு மெத்தை. மார்கழியில் வெறுங்கல்லில் படுக்கவிடாதீர்கள்.

அடுத்தது எடை. விலாவை லேசாகத் தடவினால் எலும்பு தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் நாய் குண்டு. 30 கிலோ இருக்கும் குண்டு நாய் 2 கிலோ குறைந்தாலே நடையில் மாற்றம் தெரியும். விருந்து மிச்சத்தில் கொழுப்பும் அதிகம், குழம்பு வெங்காயம் நாய்க்கு விஷமும்கூட. நொண்டினால் கால்சியம் டானிக் ஊற்றும் பழக்கம் இங்கே வலுவாக இருக்கிறது. தேய்மானத்துக்கு அதனால் பயனில்லை. மீன் எண்ணெய்க்கு ஓரளவு பலனுண்டு. தைலம் மட்டும் வேண்டவே வேண்டாம், நக்கிவிடும்.

நடை தினமும் இருவேளை, 10 முதல் 15 நிமிடம், வெயில் ஏறுமுன், தார் ரோட்டை விட்டுச் செம்மண்ணில். வாரமெல்லாம் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை கண்மாய்க்கரையில் ஓடவிட்டால் திங்கட்கிழமை எழ முடியாது.

மாத்திரை விஷயத்தில்தான் பெரிய ஆபத்து. வீட்டிலிருக்கும் ஐபுரூஃபன், டைக்ளோஃபினாக் இரண்டும் நாயின் வயிற்றில் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் போகும். நாய்க்கு நாங்கள் எழுதும் வலி மருந்தான மெலாக்சிகாம் பொதுவாக முதல்நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், பிறகு தினமும் 0.1. அதாவது 10 கிலோ நாய்க்கு முதல்நாள் 2, அப்புறம் வெறும் 1 மில்லிகிராம். மனிதருக்கான மாத்திரையோ 7.5 அல்லது 15. “அதே மருந்துதானே” என்று அதைக் கொடுத்தால் என்னாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தொடங்குமுன் கல்லீரல், சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை வேண்டும். சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். ஸ்டீராய்டோடு சேர்க்கக் கூடாது. வாந்தி, கறுப்பு மலம், சாப்பிட மறுப்பது என எது தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு அன்றே கொண்டுவாருங்கள்.