மானியம் எண்டா உரப் பையோ?

எங்கட கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில ஒருத்தர் வந்து காலநிலைக்கு ஏத்த விவசாயம், அதுக்கு மானியம் எண்டு அரை மணித்தியாலமாக் கதைச்சு முடிச்சார், பின்வாங்கில இருந்த ஐயா ஒருத்தர் எழும்பி "எல்லாம் சரி தம்பி, ஏக்கருக்கு எத்தினை பை?" எண்டு கேட்டார். எல்லாரும் சிரிச்சிட்டம், ஆனா பிழை ஐயாவில இல்லை, சொல்லிலதான்.

இஞ்ச மானியம் எண்டா உரம்தான். நாட்டில 2005இல இருந்து 50 கிலோ பை 350 ரூபாவுக்குக் குடுத்தவை, ஆனா சண்டை நடந்த காலத்தில வன்னிக்கு யூரியா கொண்டுவரவே தடை, மீள்குடியேறினாப் பிறகுதான் எங்களுக்கு அந்தப் பையின்ர முகமே தெரிஞ்சது. 2021இல இரசாயன உர இறக்குமதியையே நிப்பாட்டி நெல்லு மஞ்சளாப் போன கதை வேற. 2024/25 பெரும்போகத்துக்குக் குடுத்தது பையில்லை, காசு, ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, அதுவும் ரெண்டு ஹெக்டேயர் மட்டும்தான், ஆனா இண்டைக்கும் எல்லாரும் அதை உர மானியம் எண்டுதான் சொல்லினம்.

சரி, சொல்லுக்கு வருவம். தமிழ் மாதிரிக் கேட்டாலும் இது வடமொழி 'மான்ய'த்தில இருந்து வந்தது, மதிக்கத்தக்கது எண்டு பொருள், மானம், சன்மானம் எல்லாம் இதின்ர சொந்தக்காரர். பழைய காலத்தில மானியம் எண்டா காசில்லை, காணி. கோயிலுக்கோ ஊருக்கு ஊழியம் செய்யிற ஆளுக்கோ வரி இல்லாமல் விட்ட நிலம். அதுக்குத் தமிழில சோழர் கல்வெட்டிலேயே சொல் இருக்கு, இறையிலி. இறை எண்டா வரி, இலி எண்டா இல்லாதது. அதைவிட எனக்குப் பிடிச்சது ஏரிப்பட்டி. குளத்தைத் தூர் எடுக்க, கரை கட்ட எண்டே ஒதுக்கி வைச்ச நிலம், அதின்ர வருமானம் குளத்துக்கு. தமிழ்நாட்டு உத்திரமேரூரில 10ஆம் நூற்றாண்டில குளத்தைப் பாக்க ஏரி வாரியம் எண்டு தனிச் சபையே இருந்தது. குளத்தை நம்பிச் சீவிக்கிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

பிறகு சப்சிடிக்கு ஒரு சொல் தேவைப்பட, இந்த மானியத்தை எடுத்து ஒட்டினவை. சப்சிடி லத்தீனில இருந்து வந்த ஆங்கிலச் சொல், சண்டையில பின்னுக்குக் குந்தியிருந்து முன்வரிசை தளர்ந்தா எழும்பிப் போற படையைத்தான் முதல் குறிச்சது. ஆக, ஏலாமல் போனவனுக்குக் குடுக்கிற கைலாகு. உரத்துக்கு அது பொருந்தும்.

ஆனா காலநிலை வேலைக்குப் பொருந்தாது எண்டதுதான் என்ர கதை. வயலில எப்பவும் தண்ணி நிண்டா சேத்துக்குள்ள காத்துப் போகாது, அதால பூமியைச் சூடாக்கிற மீதேன் வாயு வரும். அதுக்கு ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாய் ஒண்டை வயலுக்க தாட்டு, தண்ணி மண்ணுக்குக் கீழ 15 சென்ரிமீற்றர் இறங்கினாப் பிறகு திருப்பிப் பாய்ச்சச் சொல்லினம். கேக்கச் சுகம், ஆனா இரணைமடுக் குளத்துக்குக் கீழ எங்களுக்கு முறைத் தண்ணி, வாய்க்காலில வாற அண்டைக்குக் கட்டாட்டி அடுத்த முறை வரைக்கும் வானத்தைத்தான் பாக்கோணும், அப்ப வயலைக் காயவிடுறதெண்டா பயந்து பயந்துதான் விடலாம். வைக்கோலைக் கொளுத்தாமல் மடக்கி உழுறது, வரம்பில முதிரை மரம் வைக்கிறது எல்லாம் உப்பிடித்தான், மினக்கெடுறது நாங்கள், லாபம் ஊருலகத்துக்கு.

கோஸ்டாரிக்காவில 1997இல இருந்து, காட்டை வெட்டாமல் வைச்சிருக்கிற காணிக்காரருக்கு பெற்றோல் வரியில ஒரு பங்கு போகுது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல இருந்து விவசாயிகளுக்கு நேராக் குடுக்கிற காசில கால்வாசியாவது இப்பிடியான வேலைக்கு ஒதுக்கோணும் எண்டு விதி வைச்சிருக்கு. கோஸ்டாரிக்கா அதை உதவி எண்டு சொல்லேல்ல, சேவைக்கான காசு எண்டுதான் சொல்லுது.

அப்ப தமிழில என்ன சொல்லலாம்? நட்டஈடு இல்லை, அது யானை வந்து மிதிச்சாக் கேக்கிறது. தமிழ்நாட்டில நல்கை எண்டு எழுதுகினம், வடிவான சொல், ஆனா அதைச் சொன்னா இஞ்ச ஆரெண்டாலும் ஆற்றையோ மகளின்ர பேர் எண்டு நினைப்பினம். எங்களிட்ட கொடுப்பனவு எண்டு நல்ல சொல் புழக்கத்தில கிடக்கு, சூழல் சேவைக் கொடுப்பனவு எண்டா விசயம் முடிஞ்சுது. பழைய ஏரிப்பட்டிக்கும் இதுதான் கிட்ட, ஏனெண்டா அதுவும் வேலைக்குத்தான் குடுத்தது.

கூட்டம் முடிஞ்சு சைக்கிளை எடுக்கேக்க இதை அந்த ஐயாவுக்குச் சொன்னன். "அப்ப கூலிதானே, கூலியெண்டே சொல்லுங்கோவன்" எண்டார், கொஞ்சத் தூரம் உழக்கிப் போட்டுத் திரும்பிப் பாத்து, "கூலியெண்டா நாள் எவ்வளவெண்டு முதலே பேசிப்போடோணும்."