பசி அடங்காத லாப்ரடாரும் விடுபட்ட 14 எழுத்துகளும்

தஞ்சாவூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் வீட்டு லாப்ரடாருக்கு ஐந்து வயது, எடை 42 கிலோ. அதை 32 கிலோவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருக்கிறார். "தட்டைக் காலி செய்த மறுநிமிடமே அடுப்படி வாசலில் வந்து படுத்துக்கொண்டு, பட்டினி கிடந்ததுபோல் எங்களையே பார்க்கிறது. நாங்கள் வளர்த்த முறையில்தான் கோளாறா?" என்பது அவருடைய கேள்வி. எடையைக் குறைக்கும் வழியைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பசி எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

உடலில் சேர்ந்துள்ள கொழுப்பின் அளவை மூளைக்குத் தெரிவிப்பது லெப்டின் என்ற ஹார்மோன். இதை 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு கண்டறிந்தது. கொழுப்புச் செல்களில் சுரக்கும் லெப்டின் ரத்தத்தின் வழியாக மூளையின் ஹைப்போதலாமஸுக்குச் செல்கிறது. அங்குள்ள சில நரம்புச் செல்கள் பிஓஎம்சி என்ற நீளமான புரதத்தைத் தயாரிக்கின்றன. கரும்பைக் கணுவுக்குக் கணு நறுக்குவதுபோல் நொதிகள் அந்தப் புரதத்தைக் குறித்த இடங்களில் வெட்ட, ஒவ்வொரு துண்டும் தனி ஹார்மோனாகிறது. ஆல்ஃபா எம்எஸ்எச், பீட்டா எம்எஸ்எச் என்ற இரண்டு துண்டுகள் 'இருப்பு போதும், பசியை அடக்கு, ஆற்றலைச் செலவிடு' என்ற செய்தியை மூளையின் மற்றப் பகுதிகளுக்குக் கொண்டுசெல்கின்றன.

2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் எலினார் ராஃபன் குழுவினர், பல லாப்ரடார்களின் பிஓஎம்சி மரபணுவில் 14 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். இந்த 14 என்ற எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. மரபணுவின் எழுத்துகளைச் செல் மூன்று மூன்றாகத்தான் படிக்கும்; ஒவ்வொரு மூன்றுக்கும் புரதத்தைக் கோக்கும் மணிபோன்ற ஒரு அமினோ அமிலம். 'மரம் நிலம் குளம் கடல்' என்று மூன்றெழுத்துச் சொற்களை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். 'நிலம்' முழுவதையும் நீக்கினால் ஒரு சொல்தான் போகும். மற்றவை பொருளோடு நிற்கும். மாறாக, முதல் சொல்லில் உள்ள 'ர' என்ற ஓர் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் மூன்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள்: 'மம்நி லம்கு ளம்க டல்'. ஓர் எழுத்து போனதில் அதற்குப் பின்னால் வரும் அத்தனை சொற்களும் சிதைந்துவிடுகின்றன. 14 மூன்றால் வகுபடாத எண். ஆகவே லாப்ரடாரின் மரபணுவிலும் இதே சிதைவு நிகழ்கிறது. விடுபட்ட இடத்துக்கு முன்னால் இருப்பதால் ஆல்ஃபா எம்எஸ்எச் தப்பிவிடுகிறது. பின்னால் உள்ள பீட்டா எம்எஸ்எச், அதே புரதத்தின் இன்னொரு துண்டான பீட்டா எண்டார்ஃபின் ஆகிய இரண்டும் உருவாவதே இல்லை. 'போதும்' என்ற செய்தியில் பாதி மூளைக்குள்ளேயே காணாமல் போகிறது.

ஏறத்தாழ நான்கு லாப்ரடார்களில் ஒன்றுக்கு இந்தக் குறை உண்டு. குறையுள்ள மரபணுவின் ஒவ்வொரு பிரதிக்கும் சராசரியாக 2 கிலோ எடை கூடுவதாக அந்த ஆய்வு கணக்கிட்டது. 2024-இல் அதே குழுவினர், காலை உணவு முடிந்து மூன்று மணி நேரம் ஆன நாய்களுக்கு முன்னால், துளையிட்ட கண்ணாடி போன்ற பெட்டிக்குள் ஓர் இறைச்சித் துண்டை வைத்துப் பார்த்தார்கள். குறையுள்ள நாய்கள் அதை எடுக்க மற்றவற்றைவிட அதிகம் முயன்றன. ஆனால் வயிறு நிறையத் தின்னவிட்டபோது அவை மற்ற நாய்களைவிடக் கூடுதலாகத் தின்னவில்லை. இரண்டு வேளைகளுக்கு இடைப்பட்ட பசிதான் அவற்றை வாட்டுகிறது. அதோடு, ஓய்வில் இருக்கும்போது அவை செலவிடும் ஆற்றலும் சுமார் 25 விழுக்காடு குறைவாக இருந்தது. பசி கூடுதல், செலவு குறைவு என்ற இந்த இரட்டைச் சுமையைத் தாங்கும் உயிரைப் 'பேராசை பிடித்தது' என்று திட்டுவது பெரிய அநியாயம் என்பேன்.

நாயின் பசியை ஆராயப் பணம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஆய்வுக்கூட எலிகளின் உடலில் பீட்டா எம்எஸ்எச் உருவாவதில்லை. மனிதர்களிடமும் நாய்களிடமும் உருவாகிறது. எலிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் இந்தத் துண்டின் அருமை நமக்குத் தெரிந்திருக்காது. செல்லப்பிராணிகளைப் பற்றிய ஆய்வுக்கு நம் நாட்டிலும் தாராளமாக நிதி ஒதுக்க வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

இனி தஞ்சாவூர் லாப்ரடாருக்கு வருவோம். தைராய்டு போன்ற கோளாறுகள் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பின், இலக்கு எடையை வைத்துக் கணக்கிட வேண்டும். 32 × 32 × 32 என்று பெருக்கினால் 32,768. அதற்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, கிடைப்பதை 70-ஆல் பெருக்கினால் சுமார் 940 கலோரி வரும். எடை குறைய வேண்டிய நாய்க்கு ஒரு நாள் உணவைப் பெரும்பாலும் இந்த அளவிலிருந்துதான் தொடங்குவார்கள். 100 கிராமில் 350 கலோரி உள்ள உலர் உணவு என்றால் இது சுமார் 270 கிராம். கைப்பிடிக் கணக்கு வேண்டாம், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். ஒரு மேரி பிஸ்கட்டில் ஏறத்தாழ 25 கலோரி இருக்கிறது. வீட்டில் உள்ள ஐந்து பேரும் ஆளுக்கு இரண்டு கொடுத்தால் நாளின் கால் பங்கு உணவு பிஸ்கட்டிலேயே முடிந்துவிடும். தேய்பிறை அஷ்டமிக்குப் பைரவரை வேண்டிக்கொண்டு நாய்க்கு உணவிடுபவர்கள், தெருவில் பசித்துக் கிடக்கும் நாய்க்கு இடட்டும். மூட்டு வலியோடு படியேறும் நாய்க்கு அதே உணவை ஊட்டுவதில் எந்தத் தோஷமும் நீங்காது.

பூனையின் எடையையும் இப்படிக் குறைக்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பருத்த பூனை சில நாள்கள் தின்னாமல் இருந்தாலே, உடற்கொழுப்பு கரைந்து ஈரலுக்குள் வெள்ளமாய்ப் பாயும். ஈரலால் அதைச் சமாளிக்க முடியாமல் போய், உயிருக்கே ஆபத்தாகும். ஆகவே பூனையைப் பட்டினி போடவே கூடாது. புதிய உணவை அது ஒரு நாள் முழுவதும் தொடாமல் இருந்தால் உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நாய்க்கு வாரம் 1 முதல் 2 விழுக்காடு எடை குறைந்தால் நல்லது. 1 விழுக்காடு என்ற நிதானத்தில் 42 கிலோ 32 ஆகச் சுமார் ஆறு மாதம் பிடிக்கும். இடையில் விலாவைத் தடவிப் பாருங்கள். இப்போது அது உங்கள் உள்ளங்கைச் சதைக்கு அடியில் எலும்பைத் தேடுவதுபோல் இருக்கும். விரித்த கையின் புறப்பக்கத்தை வருடினால் எலும்புகள் எப்படித் தட்டுப்படுமோ, அப்படி விலா தட்டுப்படும் நாள் வந்ததும், உணவின் அளவை இனி எவ்வளவு கூட்டலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.