மாந்தளிருக்குத் தங்க முலாம்

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாந்தோப்பில் பெங்களூரா ரக மரத்தில் ஒரு தளிரைக் கிள்ளி, ஒளிக்குப் பதில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சிப் படமெடுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குள் அப்படியே வைத்தால் என்ன தெரியும்? உருப்படியாக ஒன்றும் தெரியாது. காற்று இருந்தால் எலக்ட்ரான்கள் மோதிச் சிதறிவிடும் என்பதால் உள்ளே வெற்றிடம். அங்கே போனதும் தளிரின் ஈரம் ஆவியாகி, அது உப்பில் கிடந்த மாவடு போலச் சுருங்கிவிடும். அதனால் மாதிரியைப் பக்குவப்படுத்தவே தனிக் கருவிகள் உண்டு. அவற்றைச் செய்து விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களும் உண்டு. படத்தைப் பார்த்து நாம் நுண்ணோக்கியைப் புகழ்கிறோம். என்னைக் கேட்டால், பாதிப் புகழ் இந்தச் சின்னக் கருவிகளுக்குப் போக வேண்டும்.

சரி, வெயிலில் காயவைத்து வைத்தால்? மாங்காய் வற்றலைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். இங்கே குற்றவாளி தண்ணீரின் பரப்பு இழுவிசை. பெயிண்ட் பிரஷைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் மயிர்களெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? தண்ணீர் வற்றும்போது செல் சுவர்களையும் அப்படித்தான் இழுத்துச் சாய்த்துவிடும்.

இதற்கு 1951இல் வழி சொன்னவர் அமெரிக்கரான தாமஸ் ஆண்டர்சன். ஒரு குறிப்பிட்ட வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாண்டிவிட்டால் திரவம், வாயு என்ற வேறுபாடே இருக்காது. தண்ணீருக்கு அந்த எல்லை 374 டிகிரி செல்சியஸ். தளிர் வெந்தே போகும். கார்பன் டை ஆக்சைடுக்கோ வெறும் 31 டிகிரி, தர்மபுரியில் சித்திரை மாதம் காலையிலேயே வந்துவிடும் சூடு. அழுத்தம்தான் அதிகம்: சுமார் 73 வளிமண்டலம், கார் டயரில் அடிக்கும் காற்றைப் போல முப்பது மடங்குக்கு மேல்.

முதலில் குளூட்டரால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் ஊறவைத்துத் திசுவை இறுக வைப்பார்கள். அப்புறம் 30, 50, 70 சதவீதம் என்று எத்தனாலைப் படிப்படியாக ஏற்றித் தண்ணீரை வெளியேற்றுவார்கள். பிறகு தளிர்த் துண்டு தடித்த எஃகுக் கூடு ஒன்றுக்குள் போகும். குளிரவைத்த கூட்டில் திரவக் கார்பன் டை ஆக்சைடை விட்டு விட்டு மாற்றி, எத்தனாலைக் கழுவி எடுத்தபின் மெல்லச் சூடேற்றுவார்கள். கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால், திரவத்தின் மேல்மட்டக் கோடு மங்கி, கலங்கி, காணாமல் போகும். பரப்பே இல்லை என்றால் இழுவிசை ஏது? சூடு குறையாமல் வாயுவை மெதுவாகத் திறந்துவிட்டால் தளிர் காய்ந்திருக்கும், ஆனால் வடிவம் குலைந்திருக்காது.

இன்னொரு தொல்லை பாக்கி. காய்ந்த இலை மின்சாரம் கடத்தாது. வந்து விழும் எலக்ட்ரான்கள் அங்கேயே தேங்கி, படத்தில் வெள்ளை வெள்ளையாகக் கண்ணைக் கூச வைக்கும். தர்மபுரிச் சந்தைக்கு வரும் பட்டுக்கூட்டின் இழைக்கும் இதே பிரச்சினைதான். அதனால் தங்க முலாம். காற்றை உறிஞ்சிய கண்ணாடிக் குடுவையில் துளி ஆர்கான் வாயுவை விட்டு உயர் மின்னழுத்தம் கொடுத்தால், ஊதா நிறத்தில் ஒளிரும். ஆர்கான் அயனிகள் மேலிருக்கும் தங்கத் தகட்டில் மோதி அணுக்களைப் பெயர்த்துக் கீழே இருக்கும் தளிர்மேல் தெளிக்கும். ஓரிரு நிமிடத்தில் 10 நானோமீட்டர் படலம், அதாவது ஏறக்குறைய 40 அணு அடுக்கு. கணக்குப்படி ஒரு பவுன் தங்கத்தில் 40 சதுர மீட்டருக்கு இப்படிப் பூசலாம்; நடைமுறையில் பெரும்பகுதி குடுவைச் சுவரில்தான் ஒட்டும்.

கல்லுக்கு வேறு வைத்தியம். கிரானைட் பட்டறையில் கண்ணாடி போலப் பாலிஷ் ஏறிய கல்கூட நுண்ணோக்கியில் உழுத நிலமாகத் தெரியும். அதே ஆர்கான் அயனிகளைச் சாய்வாகப் பாய்ச்சி, அந்தக் கீறல்களைச் சில மணி நேரம் சீவி எடுப்பார்கள்.