பாதி வழி எங்கே இருக்கிறது?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அக்காள் மகன் ஜொகூர் பாருவிலிருந்து போன் செய்தான். "மாமா, வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு கிளம்பறோம். பிள்ளைங்க இருக்காங்க, ஒரே மூச்சா ஓட்ட முடியாது. சிரம்பான்ல ரூம் போட்டுட்டு மறுநாள் வரலாமா? அதுதானே சரி பாதி?"

கிலோமீட்டர் கணக்கு சரிதான். ஜொகூர் பாருவிலிருந்து நாங்கள் இருக்கும் சுங்கை சிப்புட்டுக்கு ஏறக்குறைய 560 கிலோமீட்டர். கோலாலம்பூர் வரை 330, அங்கிருந்து ஈப்போவுக்கு 200, அப்புறம் ஒரு முப்பது. பாதி என்றால் சிரம்பானை ஒட்டித்தான் வரும். ஆனால் அவன் வேலை பார்ப்பது சிங்கப்பூரில். கடற்பாலத்து நெரிசலுக்குப் பயந்து தினமும் விடியற்காலை 4 மணிக்கு எழுகிறவன். இரவு 8 மணிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பினால், நெரிசலே இல்லாவிட்டாலும் சிரம்பான் போய்ச் சேர 11 ஆகிவிடும். அப்போது அவன் விழித்து 19 மணி நேரம் ஆகியிருக்கும். அவனுடைய பாதி வழி சிரம்பானில் இல்லை என்று எனக்குப் பட்டது.

சாலையைக் கிலோமீட்டரில் அளக்கிறோம். மூளை அதை மணிக்கணக்கில் அளக்கிறது. அதுவும் ஒரு கடிகாரத்தை வைத்து அல்ல, இரண்டை வைத்து. இந்த இரட்டைக் கணக்கை 1982இல் ஒரு கோட்பாட்டு மாதிரியாக வகுத்துக் காட்டியவர் சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் அலெக்சாண்டர் போர்பெலி. தூக்கத்தைப் பற்றிய ஆராய்ச்சி இன்றும் அந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது.

முதல் கணக்கு எளிது. விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையின் உயிரணுக்கள் ஆற்றலைச் செலவழிக்கின்றன. அந்தச் செலவில் மிஞ்சும் அடினோசின் என்ற பொருள் விறகடுப்பில் சாம்பல் சேர்வதுபோல் சேர்ந்துகொண்டே போகிறது. சாம்பல் ஏற ஏறத் தூக்கத்தின் அழுத்தம் கூடும். தூங்கினால்தான் அடுப்பு சுத்தமாகும். வேறு வழி இல்லை.

இந்தச் சாம்பல் எவ்வளவு ஆபத்தானது? ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இருவர் 1997இல் ஒரே ஆட்களை ஒருமுறை தூங்கவிடாமலும் ஒருமுறை மது கொடுத்தும் சோதித்தார்கள். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் கைக்கண் ஒருங்கிணைப்பு, இரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு இறங்கியிருந்தது. 24 மணி நேரம் ஆனபோது அது 0.10 சதவீதத்துக்குச் சமம். நம் மலேசியாவில் 2020இல் சட்டத்தைத் திருத்தியபின் வாகனமோட்டிக்கான வரம்பும் அதே 0.05தான். 4 மணிக்கு எழுந்தவனுக்கு 17 மணி நேரம் இரவு 9 மணிக்கு நிறைவடைகிறது. ஒரு சொட்டுத் தண்ணி போடாதவன் என் மருமகன். ஆனாலும் 9 மணிக்கு மேல் ஸ்டியரிங் பிடித்தால் அந்த வரம்பில்தான் நிற்பான்.

இதைச் சொன்னதும் அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் நான் நல்லா தெளிவா இருப்பேன் மாமா, மத்தியானம்தான் கண்ணைக் கட்டும்." அவன் பொய் சொல்லவில்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது கடிகாரம் மூளையின் அடியில், கண் நரம்புகள் குறுக்கே கடக்கும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. நாம் எத்தனை மணி நேரம் விழித்திருந்தோம் என்பது அதற்குத் தேவையில்லை. வெளிச்சத்தைப் பார்த்து அது தன் 24 மணி நேரச் சுற்றை ஓட்டுகிறது. பகல் ஏற ஏற விழிப்பை முட்டுக்கொடுக்கும். வழக்கமாகப் படுக்கும் நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அந்த முட்டு உச்சத்தில் இருக்கும்.

இஸ்ரேலைச் சேர்ந்த பெரெட்ஸ் லாவி இதை ஒரு விசித்திரமான சோதனையில் பிடித்தார். ஆட்களை 20 நிமிடச் சுற்றுகளில் வைத்தார்: 7 நிமிடம் இருட்டறையில் படுக்க வேண்டும், 13 நிமிடம் எழுந்திருக்க வேண்டும், மறுபடி படுக்க வேண்டும். நாள் முழுக்க இப்படியே. இரவு முழுக்கத் தூங்காதவர்கள்கூட மாலை கழிந்த முன்னிரவில் அந்த 7 நிமிடங்களில் தூங்கத் திணறினார்கள். அந்த நேரம் கடந்ததும் கதவு திறந்ததுபோல் தூக்கம் திடீரென்று வந்தது. லாவி 1986இல் இவற்றுக்கு வைத்த பெயர்களே 'தடைசெய்யப்பட்ட நேரம்', 'தூக்கத்தின் வாசல்' என்பவைதான்.

ஆக, மருமகனுடைய எட்டு மணித் தெளிவு உண்மையான தெளிவு அல்ல. அடுப்பு நிறையச் சாம்பல், மேலே கடிகாரம் கொடுக்கும் முட்டு. 4 மணிக்கு எழுகிறவன் பத்து மணிக்குள் படுக்கிறவனாகத்தான் இருப்பான். அவனுடைய வாசல் ஒன்பதரை, பத்துக்குத் திறக்கும். முட்டு அந்த நேரத்தில் எடுபட்டால் அவன் இருப்பது கட்டிலிலா, மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நெடுஞ்சாலையிலா என்பதுதான் கேள்வி. தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பது என்றால் முதலில் இந்த வாசலைக் கணக்கிடுவது. ஊர் பிறகு.

திறக்கும்போது மெல்லத் திறப்பதும் இல்லை. விழிக்க வைக்கும் நரம்புக்கூட்டமும் தூங்க வைக்கும் நரம்புக்கூட்டமும் மூளையில் ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டிருக்கின்றன. சிறுவர் பூங்காவின் சீசா பலகை மாதிரி: ஏதோ ஒரு பக்கம்தான் தரையில் இருக்கும், நடுவில் நிற்காது. களைப்பு ஏறும்போது பலகை ஒரு கணம் சாய்ந்துவிட்டு மறுபடி திரும்பும். அதுதான் நுண்தூக்கம். சில விநாடிகள்தான், சில நேரம் கண்ணும் திறந்தே இருக்கும். 110 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 30 மீட்டர் ஓடுகிறோம். நான்கு விநாடி சாய்ந்தால் 120 மீட்டருக்கு மேல். ஒரு பந்துத் திடலை நீளவாக்கில், ஓட்டுநர் இல்லாமல் கடப்பதுபோல.

எனக்கு அது தாப்பா பக்கத்தில் ஒருமுறை நடந்தது. தூங்கினேன் என்று எனக்குத் தெரியாது. சாலையோரக் கோட்டில் சக்கரம் ஏறி 'கரகர'வென்று அதிர்ந்தபோதுதான், கடைசியாகப் பார்த்த பலகையில் என்ன எழுதியிருந்தது என்று ஞாபகம் இல்லாதது உறைத்தது. பிழை முழுக்க என்னுடையது. அன்றைக்கு நான் மூன்று கோப்பி-ஓ குடித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கோப்பி என்ன செய்கிறது? பஸ்ஸில் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைத்தான். அடினோசின் உட்காரவேண்டிய இருக்கைகளில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்கிறது. சாம்பல் குறைவதில்லை, நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். வேலை செய்யவே அரை மணி நேரம் ஆகும். அப்புறம் உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஐந்து மணி நேரம். 9 மணிக்கு ஊதிக் குடித்தால் 2 மணிக்குப் பாதி இன்னும் உள்ளேயே இருக்கும். ரூம் போட்ட காசுக்குத் தூக்கம் கிடைக்காது. கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவது, பாட்டைக் கூட்டி வைப்பது எல்லாம் இன்னும் மோசம். இங்கிலாந்தில் ரெய்னரும் ஹார்னும் வாகனமோட்டும் பாவனைக் கருவியில் வைத்து 1998இல் சோதித்ததில் அவற்றின் பலன் அற்பம், அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. அவர்களே பரிந்துரைக்கும் அவசர மருந்து வேறு: ஓய்விடத்தில் நிறுத்தி, ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு உடனே கால் மணி நேரம் கண்ணை மூடுவது. காஃபீன் ஏறும்போது குட்டித்தூக்கமும் முடிந்திருக்கும். அது அடுத்த ஊர்வரை கொண்டு சேர்க்கும். இரவை ஈடுகட்டாது.

இதற்கிடையே காரே தொட்டில் ஆட்டுகிறது. ஆஸ்திரேலியாவில் 2018இல் செய்த ஆய்வில், காரின் இருக்கை நமக்குக் கொடுக்கும் மாதிரியான மெல்லிய அதிர்வு, அதாவது விநாடிக்கு 4 முதல் 7 தடவை, கால் மணி நேரத்திலேயே ஆட்களுக்குச் சோர்வைக் கொண்டுவந்தது. தூளியில் போட்டு ஆட்டிய பாட்டிகளுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. யோங் பெங் தாண்டினால் இருபுறமும் ஒரே செம்பனைதான். கண்ணுக்கும் வேலை கிடையாது.

சரி, அறைக்கு வருவோம். புது இடத்தில் முதல் இரவு நன்றாகத் தூக்கம் வருவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். காரணம் 2016இல்தான் தெளிவாக வெளிப்பட்டது. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகியும் குழுவினரும் கண்டது இது: அறிமுகமில்லாத இடத்தில் முதல் இரவில் மூளையின் வலப்பாதி ஆழ்ந்து தூங்க, இடப்பாதியின் ஒரு பகுதி அரைத்தூக்கத்தில் காவல் இருக்கிறது. டால்ஃபின்கள் பாதி மூளையோடு தூங்குவதன் சாயல். காவல் காக்கும் பாதிக்குச் செய்தி கொண்டுபோகும் வலக்காதில் சத்தம் கேட்டால் ஆட்கள் சீக்கிரம் விழித்தார்கள். சில நாள் கழித்து அதே இடத்தில் மறுபடி படுத்தபோது அந்தக் காவல் இல்லை.

இதனால் நான் சொல்வது இரண்டு. ஒன்று, போன வருஷம் தங்கிய அதே இடம் கிடைத்தால், அது கொஞ்சம் பழசாக இருந்தாலும், பத்து வெள்ளி கூடுதலானாலும், அதையே எடுப்பேன். இன்னொன்று, லோரிகள் நின்று கிளம்பும் சாலையைப் பார்த்த அறை வேண்டவே வேண்டாம், பின்பக்க அறை கேட்க வேண்டும். வீட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு போவதால் காவல்காரன் ஏமாறுவானா என்பது ஆய்வல்ல, என் ஆசை. நான் தூக்கிக்கொண்டுதான் போகிறேன்.

இத்தனையும் கேட்டபின் மருமகன் வேறு பக்கம் தாவினான். "அப்போ சீக்கிரம் படுத்துட்டு விடியக்காலம் நாலரைக்கு எடுத்துடறேன். ரோடு காலியா இருக்கும்."

இங்கேதான் எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா இருபது வருஷத்துக்கு மேல் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டும், தலையில் விளக்கோடு காட்டுக்குள் போக வேண்டும். ஏன் அந்த நேரம்? இரவில் இலைகள் நீரை வெளியேற்றுவது குறைவு. மரப்பட்டைக்குள் பால் ஓடும் குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன் உச்சத்தில் இருக்கும், கார் டயரின் காற்றழுத்தத்தைவிடப் பல மடங்கு. அப்போது கீறினால் பால் தானே பீறிட்டு மங்கில் வடியும். வெயில் ஏறினால் அழுத்தம் விழும், பாலும் குறையும். மரத்துக்கு மிக நல்ல அந்த நேரம்தான் மனுஷனுக்கு மிகக் கெட்ட நேரம். உடல் வெப்பம் இறங்கி, எழுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு அடிமட்டத்தில் கிடக்கும். தூங்கி விழும் விபத்துகள் பின்னிரவு 2 முதல் 6 வரை குவிவதற்கு இதுவே காரணம். இரண்டாவது, சிறிய மேடு பிற்பகலில். அது வாழையிலைச் சாப்பாட்டின் வேலை என்று நினைக்கிறோம். சாப்பிடாவிட்டாலும் வரும், சாப்பிட்டால் கூடும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1982 ஜனவரி 1 அன்று, சபா சரவாக்கோடு ஒரே நேரம் ஆவதற்காகத் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டன. அதனால் சுங்கை சிப்புட்டில் சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், ஒன்றேகால் மணிக்கு. சுவரில் 6 என்றால் சூரியக் கணக்கில் ஐந்துகூட ஆகவில்லை. உடம்பு எதைக் கேட்கிறது? ஜெர்மனியில் ரோனபெர்க் குழு 2007இல் காட்டியது: நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்றாலும் கிழக்கே இருப்பவர்களைவிட மேற்கே இருப்பவர்கள் தாமதமாகவே தூங்கி எழுகிறார்கள், சூரியனைப் பின்பற்றி. சிற்றூர்களில் இது இன்னும் தெளிவு. ஆகவே 'பின்னிரவு 2 முதல் 6' என்பதை நம் சுவர்க்கடிகாரத்துக்கு மாற்றும்போது நான் 7 வரை நீட்டிக்கொள்கிறேன். இங்கே விடிவதும் ஏழு மணியை ஒட்டித்தானே.

எழுந்த உடனே ஓட்டுவதும் கூடாது. மூளை முழுக்க விழிக்கக் கால் மணி முதல் அரை மணி நேரம் எடுக்கும். பசியாறி, பிள்ளைகளைக் குளிப்பாட்டி, ஏழரைக்குக் கிளம்பினால் எல்லாம் பொருந்தும். பிற்பகல் தளர்ச்சிக்கும் மேற்குக் கரையில் மாலையில் இறங்கும் இடிமழைக்கும் முன்னால் வந்து சேர்ந்துவிடலாம்.

கூட்டிக் கழித்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றிய மிக நல்ல தங்குமிடம் ஜொகூர் பாருவில் அவனுடைய சொந்தக் கட்டில்தான். காவல் காக்க வேண்டாத ஒரே அறை அது. ஆனால் மறுநாள் காலை ஊர் முழுக்க ஒன்றாகக் கிளம்பும், அந்த நெரிசலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியாது என்றான். நியாயம். அப்படியானால் ஆயர் ஈத்தாம், மிஞ்சினால் யோங் பெங். நூறு கிலோமீட்டரை ஒட்டி, ஒன்றேகால் மணி நேரப் பயணம், வாசல் திறப்பதற்குள் சாவியை வாங்கிவிடலாம். "நூறு கிலோமீட்டருக்கு ஒரு ரூமா?" என்று அவன் மனைவி பின்னாலிருந்து சிரித்தது கேட்டது.

வெள்ளிக்கிழமை இரவு 9:40க்குச் செய்தி வந்தது. "யோங் பெங் மாமா. பின்பக்க ரூம்தான். பிள்ளைங்க தூங்கிட்டாங்க." நான் பதில் போடவில்லை. போட்டால் போன் வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான்.