பெறப்பட்டதா, இடையில் வந்ததா?

"காயம் என்றால் ஆறிவிடும்தானே தம்பி?" என்று அண்ணி கேட்டார். கையில் ஒரு மருத்துவமனை கொடுத்த துண்டறிக்கை. அதில் 'பெறப்பட்ட மூளைக் காயம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அண்ணன் பைக்கிலிருந்து விழுந்து அப்போது ஐந்து மாதம். தலையில் போட்ட தையல் தழும்பாகிவிட்டது. ஆனால் தேநீர் போடப் போனால், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் தூள் டப்பாவைப் பிடித்தபடி நின்றுவிடுவார்.

'அக்வயர்டு பிரெயின் இன்ஜுரி' என்ற ஆங்கிலப் பெயரைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். அதன் பொருள் எளியது: பிறவியில் இல்லாமல், பிறகு மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பு. தலையில் அடி, பக்கவாதம், மூளைக்காய்ச்சல், கட்டி, நீரில் மூழ்கி ஆக்சிஜன் தடைப்படுவது எல்லாம் இதில் அடங்கும். 'அக்வயர்' என்பது தேடி அடைதலைக் குறித்த லத்தீன் வினையிலிருந்து வந்தது. மருத்துவத்தில் அது 'பிறவி' என்பதற்கு எதிர்ச்சொல், அவ்வளவுதான்.

அந்த எதிர்ச்சொல்லைத்தான் மொழிபெயர்த்தவர்கள் தேடியிருக்க வேண்டும். ஆனால் அகராதியில் முதலில் கிடைத்ததை எடுத்து ஒட்டிவிட்டார்கள். தமிழில் பட்டம் பெறுகிறோம், பரிசு பெறுகிறோம், பிள்ளை பெறுகிறோம். வேண்டி அடைவதுதான் பேறு. லாரி மோதியதைப் பேறு என்பீர்களா? 'தண்டனை பெற்றான்' என்கிறோமே என்று சிலர் வாதிடுவார்கள். அங்கே தண்டனை கொடுத்தவர் ஒருவர் இருக்கிறார். பக்கவாதத்தை யார் கொடுத்தார்? 'ஈட்டிய' என்று எழுதுவது இன்னும் கொடுமை. ஈட்டுவது பொருளை, அலுவலகத்தில் ஈட்டிய விடுப்பு உண்டு. எய்ட்ஸின் விரிவாக்கத்திலும் இதே 'பெறப்பட்ட' புகுந்துகொண்டது. ஒருவர் செய்த பிழையை அடுத்தவர் சரிபார்க்காமல் படியெடுப்பதுதான் இன்று கலைச்சொல்லாக்கம் என்று நடக்கிறது.

'காயம்' அதைவிட ஆபத்தானது. காயம் மேலே தெரியும், பொருக்குத் தட்டும், ஆறும். மூளையில் அழிந்த நரம்பணுக்கள் பெரும்பாலும் மீண்டும் முளைப்பதில்லை. பயிற்சியால் மற்றப் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு ஏற்கின்றன. அதற்கு மாதங்களும் ஆகும், ஆண்டுகளும் ஆகும். "காயம்தான் ஆறிவிட்டதே, ஏன் வேலைக்கு அனுப்பவில்லை?" என்று உறவினர் அண்ணியைக் கேட்டதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம்.

நல்ல சொல் நம் வாயிலேயே இருக்கிறது. "பிறவியிலேயே இப்படியா, இடையில் வந்ததா?" என்றுதானே ஊரில் கேட்கிறார்கள்? 'இடையில் வந்த மூளைப் பாதிப்பு' என்று எழுதுங்கள். படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும். 'சேதம்' எனக்கு ஒப்பவில்லை. அது பயிருக்கும் சரக்குக்கும் சொல்வது.

பெயர் தெளிவாக இருந்தால்தான் உதவி கேட்க முடியும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. இதற்கென்று தனி வகை அதில் இல்லை. நடையா, பேச்சா, மனநோயா என்று ஏதோ ஒன்றில் இவர்களைப் பொருத்த வேண்டியிருக்கிறது. பிரிட்டனில் 1979இல் தொடங்கிய ஹெட்வே அமைப்பு, இத்தகையவர்களுக்கு 2017 முதல் அடையாள அட்டை தருகிறது. தமக்கு எதில் உதவி தேவை என்பதை அதைக் காட்டியே சொல்லிவிடலாம்.

அண்ணி தாமாகவே ஓர் அட்டை எழுதி அண்ணனின் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்: "இடையில் வந்த மூளைப் பாதிப்பு. பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்." தெருமுனைக் கடைக்காரர் அதைப் படித்த நாளிலிருந்து, அண்ணன் சில்லறையை எண்ணி முடிக்கும்வரை அடுத்தவருக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டே காத்திருக்கிறார்.