குழாய் வந்துவிட்டது, உள்ளே எந்தத் தண்ணீர்?

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் வெற்றிலையே போடாதவர்கள் சிரித்தாலும் பல்லில் பழுப்புக் கறை தெரியும். சின்ன வயதில் குடித்த போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில், கரைந்திருந்த ஃபுளோரைடு என்ற உப்பு செய்த வேலை அது. நம் தருமபுரி மாவட்டத்தில் தண்ணீர் உரிமையைப் பற்றிப் பேசினால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

சுத்தமான குடிநீர் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலை 28 அன்று தீர்மானம் நிறைவேற்றியது. இந்தியா ஆதரித்து வாக்களித்தது. இங்கே அதற்கென்று தனியாக மத்திய சட்டம் கிடையாது. அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் மாசில்லாத தண்ணீரும் காற்றும் அடங்கும் என்று 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரி, தீர்ப்பை வைத்துக் குடத்தை நிரப்ப முடியாதே. அதற்குத்தான் திட்டங்கள்.

2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டப்படி கிராமத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் குழாய், ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது பதினெட்டுக் குடம் போல. அளவோடு தரமும் சேர்ந்ததுதான் உரிமை. இந்தியத் தரநிலைப்படி குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லி கிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை போகலாம், அதற்கு மேல் கூடாது.

தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் காவிரித் தண்ணீர் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ், அதாவது ஃபுளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய், அதன் பாதிப்புக் குறைப்பும் உண்டு. ஜப்பான் கடனுதவியோடு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் திறந்தார்கள். ஆனால் ஆற்றுத் தண்ணீர் குறைவாக வரும் நாட்களில் சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்து விடுகிறார்கள். கணக்கில் பார்த்தால் குழாய் இருக்கிறது, தண்ணீரும் வருகிறது. ஃபுளோரைடும் கூடவே வருகிறது. என்னைக் கேட்டால், எத்தனை வீட்டுக்குக் குழாய் போட்டார்கள் என்பதைவிட இதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

உப்புத் தண்ணீர் என்றால் நாக்கே சொல்லிவிடும். ஃபுளோரைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காய்ச்சினால் போகாது; தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். பால் பற்கள் விழுந்து முளைக்கும் பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது எட்டு வயதுக்குள், இதைக் குடித்தால் கறை நிரந்தரம். பல வருடம் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும்.

கேட்பதற்கு இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. "தொட்டியில் போர் தண்ணீர் கலக்கிறீர்களா, கடைசியாக எப்போது பரிசோதித்தீர்கள், ஃபுளோரைடு எவ்வளவு?" என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன பதில் அடுத்த கூட்டத்துக்குள் மறந்துபோகும். மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தண்ணீரே வரவில்லை என்றால் முதல்வரின் முகவரி எண் 1100.

நீங்களே பரிசோதிக்க நினைத்தால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுக்கலாம். ஒரே பாட்டிலாகக் கொடுக்காதீர்கள். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் ஒன்று, போர் தண்ணீர் விடும் நாளில் ஒன்று என்று பிடித்து, தேதி எழுதி ஒட்டிக் கொடுங்கள்.