செண்டுமல்லிக்கு நடவுத் தேதி ஏன் முக்கியம்?

ஆயுத பூஜைச் சந்தைக்குச் செண்டுமல்லி கொண்டுபோக நினைப்பவர் ஆனி மாதத்திலேயே விதையைத் தூவிவிட வேண்டும். நாற்றங்காலில் ஒரு மாதம், நட்டபின் முதல் பறிப்புக்கு ஏறக்குறைய 60 நாள். காலண்டரில் பின்னோக்கி எண்ணினால் கணக்கு வந்துவிடும். ஆனால் இதே கணக்கை நம்பிக் கார்த்திகையில் நட்டால் செடி வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆள் வளராமலேயே மொட்டு வைத்துவிடும்.

காரணம் இரவின் நீளம். மாலை கட்டும் பெரிய செண்டுமல்லி, இரவு நீளும்போது விரைந்து பூக்கும் வகை. இருட்டு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை அறிய இலையில் ஃபைட்டோகுரோம் என்ற நிறமி இருக்கிறது. இரவு போதிய அளவு நீண்டதும் இலையில் ஒரு புரதம் உருவாகிக் குருத்துக்குப் போய்ச் சேரும். அதுவரை இலை விட்டுக்கொண்டிருந்த நுனி மொட்டுக்கு மாறிவிடும். பகல் நீண்டிருந்தாலும் பூக்காமல் இருக்காது, தாமதமாகும், அவ்வளவுதான்.

சீக்கிரம் பூத்தால் நல்லதுதானே? இல்லை. செண்டுமல்லியில் பூ கிளையின் நுனியில்தான் வரும். மொட்டு வைத்த நுனி அதற்குமேல் புதுக் கிளையாக நீளாது. அடுத்த பூவுக்குப் பக்கக் கிளை கிளம்ப வேண்டும். ஆக, கிளை எத்தனையோ பூ அத்தனை. பகல் நீண்ட மாதங்களில் வேரூன்றிய செடி நன்றாகப் படர்ந்தபிறகே மொட்டுக்கு வரும். பகல் குறைந்த காலத்தில் நட்டதற்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. நட்ட ஒரு மாதத்தில் நுனியைக் கிள்ளிவிடுவதும் இதற்காகத்தான். முதல் பறிப்பு சில நாள் தள்ளிப்போனாலும் பக்கக் கிளைகள் பெருகும்.

டெல்லிப் பக்கம் இந்த விளைவு பலமாகத் தெரியும். அங்கே ஜூனில் பகல் 14 மணி நேரத்தை நெருங்கும், டிசம்பரில் 10 மணி சொச்சம்தான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் வித்தியாசமே சுமார் ஒன்றரை மணி நேரம். அதனால் நம் ஊரில் வெயிலுக்கும் மழைக்கும் பங்கு அதிகம். 35 டிகிரியைத் தாண்டும் சித்திரை வெயிலில் பூ சிறுத்துப்போகும். ஐப்பசி அடைமழையில் இதழ்களுக்கிடையே தண்ணீர் தேங்கி அழுகும். நனைந்த பூ என்றால் வியாபாரி விலையைக் குறைத்துத்தான் கேட்பார்.

அப்புறம் சந்தை. பண்டிகையைக் குறிவைத்து எல்லோரும் ஒரே வாரத்தில் நட்டால் பறிப்புக் கூலிக்கே கட்டாது. பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விட்டு நிலத்தைப் பிரித்து நடுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். சாமந்தி விவசாயிகளுக்கு வேறொரு வழியும் உண்டு. பசுமைக்குடிலில் நள்ளிரவில் சில மணி நேரம் பல்பு எரியவிட்டால், செடிக்கு அது குட்டை இரவாகிவிடும், மொட்டு தள்ளிப்போகும். செண்டுமல்லிக்கும் அது பலிக்கும், ஆனால் கரண்ட் பில்லுக்குக் கட்டுப்படியாகும் விலை அந்தப் பூவுக்குக் கிடைக்காது.